புழுக்கை வாத்தியார்

குனிந்து எடுத்த கறுப்புத் துகளைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குகிறார். பிறகு அந்த விரலை ஜன்னல் பக்கம் தூக்கி, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்புகிறார். வீட்டுக்காரர், கொத்தனார், ஏணி பிடித்தவர் என்று அங்கே நிற்கும் அத்தனை பேரும் அந்த விரலைப் பார்த்தே தீரவேண்டும். "எலியோடதுன்னா கல்லு மாதிரி இருக்கும், நசுங்காது. இது பாருங்க, பவுடர். மினுக்குது பாத்தீங்களா? அத்தனையும் பூச்சி றெக்கை. சந்தேகமே இல்ல, வவ்வால்தான்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. வீட்டுக்காரர் முகத்தில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன்னால், கூரையைப் பிரிப்பதற்கு முன்னால், அங்கே வௌவால் குடியிருக்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுப்பது அவர் உத்தியோகம். அவர் கையெழுத்து இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு ஓடுகூட நகராது. கொத்தனார்கள் சேர்ந்து அவருக்குப் புழுக்கை வாத்தியார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவர் காதுக்கும் எட்டிவிட்டது. "வாத்தியார்னு ஒத்துக்கிட்டானுங்கல்ல, அது போதும்" என்கிறார்.

எட்டுப் பை வைத்த நீலப் பேண்ட். ஒரு பையில் குச்சியில் கட்டிய கண்ணாடி, இன்னொன்றில் டார்ச், மற்றதிலெல்லாம் துகள் போட்டு வைக்கும் சின்னச் சின்னக் குப்பிகள். கழுத்தில் ஒரு கருவி தொங்கும். வௌவால் போடும் சத்தத்தை அது நம் காதுக்கு எட்டுகிற மாதிரி மாற்றித் தரும். சட்டைப் பையில் இருப்பது, அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக எண் ஏறும் சின்ன மிஷின். சாயங்காலத்தில் கட்டடத்துக்கு எதிரே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பொந்திலிருந்து கிளம்பும் ஒவ்வொன்றுக்கும் ஒரு அழுத்து அழுத்துவார். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நின்றால் இறங்குகிறவர்களை எண்ணுவார். ஒரு நாள் எங்கள் வீட்டு விருந்தாளிகள் கிளம்பியபோது தெருவில் நின்றிருந்தவர், "உள்ள போனது ஒம்போது, வெளிய வந்தது எட்டு. ஒருத்தர் உள்ளயே தங்கிட்டாரு" என்றார். சரியான கணக்கு. உள்ளே தங்கியது என் மைத்துனன். மூன்று வாரம் தங்கினான்.

மனிதர்களைப் பற்றிப் பேசினால் "அந்தாளு", "இவன்". வௌவால் என்றால் மட்டும் "அவங்க". "அவங்க தூங்குற நேரம் சார், செருப்பக் கழட்டிட்டு மெதுவா வாங்க" என்று என் சமையலறைக்குள் நுழைய எனக்கே நிபந்தனை போட்டவர்.

அந்தச் சமையலறைக் கதை போன வருஷத்தது. கூரை ஒழுகியது. ஓடு மாற்ற மனுப் போட்டேன். வந்தார், நசுக்கினார், விரலைத் தூக்கினார். ஓட்டுக்கடியில் பதினேழு தாய்கள்.

"பிரசவத்துக்கு வந்திருக்காங்க சார். குட்டிங்களுக்குப் பறக்கத் தெரியாது. இப்ப ஓட்டப் பிரிச்சா பொத்து பொத்துன்னு உங்க அடுப்பு மேலயே விழும். மனசு வருமா உங்களுக்கு?"

"மழை பெய்யுதே சார்?"

"வாளி வைங்க."

ஓட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வாசல் கதவில் ஒரு மஞ்சள் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். நான்கு மாதம். ஒரு வாளி இரண்டாகி, இரண்டு மூன்றானது. என் மனைவி தாளிக்கும்போது நான் பின்னால் நின்று குடை பிடித்தேன். அந்த நாட்களில் அவரைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதை அச்சில் ஏற்ற முடியாது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கே உறுத்தும். நான்காம் மாதக் கடைசியில் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணினார். தாயும் குட்டியுமாக முப்பத்திமூன்று பறந்துபோயின. கடைசிக் குட்டி பொந்து வாயில் வந்து தயங்கி நின்றது. "வாங்க கண்ணு, ஒண்ணும் ஆகாது, வாங்க" என்று கெஞ்சினார். அது பறந்ததும் மிஷினை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று அந்த மனுஷர் மேல் எனக்கு நிஜமாகவே மரியாதை வந்தது. மூன்று வாளியையும் மன்னித்தேன்.

அந்த மரியாதையில்தான் போன சனிக்கிழமை அவர் வீட்டம்மா கூப்பிட்டதும் போனேன். அடுத்த மாதம் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். இருப்பதோ இரண்டே அறை. கூரைக்குக் கீழே இருக்கும் பரணை அறையாக்கி, ஓட்டைப் பிரித்து ஜன்னல் வைக்கத் திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள். அதற்கும் வௌவால் அறிக்கை வேண்டும். பார்த்துச் சொல்ல இந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லாததால், தன் வீட்டைத் தானே சோதித்துத் தானே கையெழுத்துப் போடப்போகிறார். "ஏணி ஆடுதுண்ணா, கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்றார் அந்த அம்மா. அவர்கள் இருவரும் ஏறியபின் நானும் ஏறினேன்.

உத்தரத்துக்கு நேர் கீழே, கோடு இழுத்த மாதிரி, கறுப்புத் துகள்கள். மேலே இடுக்கில் ஏதோ கீச்சென்றது. வாத்தியார் நிமிர்ந்து பார்க்கவில்லை. கழுத்தில் கருவியும் இல்லை. அன்றைக்கு என்று பார்த்து கீழேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"ஏங்க, இது என்னங்க இவ்ளோ கெடக்குது?" அந்த அம்மா டார்ச் வெளிச்சத்தைத் தரையில் அடித்தார்.

"இரு, பாக்குறேன்."

குனிந்தார், ஒன்றை எடுத்தார், நசுக்கினார். எனக்கு இதற்குள் பாடம் மனப்பாடம். கல்லாக இல்லை. மாவாக உதிர்ந்தது. டார்ச் வெளிச்சம் பட்டு விரல் நுனி மினுக்கியதை நான் பார்த்தேன். நாலு மாதம், மஞ்சள் நோட்டீஸ், மகளுக்குக் கூடத்தில் பாய், எல்லாம் அந்த விரலில் இருந்தது. மேலே இடுக்கில் இருந்தவர்களின் கதியும் அதில்தான் இருந்தது. அவர் விரலைத் தூக்குவதற்காகக் காத்திருந்தேன்.

"எலி" என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பொண்ணு பச்சப் புள்ளையோட படுக்கப்போற எடம்."

"இருபது வருஷமா இதத்தான பாக்குறேன்? எலிதான்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், வெளிச்சத்துல ஒரே ஒரு தடவ காட்டுங்களேன்."

அவர் என்னைப் பார்த்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய், பேண்ட்டில் இரண்டு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.