முதுகில் ஒட்டிய பாஸ்வர்ட்

பிரிக்ஃபீல்ட்ஸ் ஹேண்ட்ஃபோன் கடையில் என் ஃபோனின் உடைந்த திரையை மாற்றக் கொடுத்தேன். கடைக்காரர் ஒட்டுத்தாளை நீட்டினார்.

"பாஸ்வர்ட எழுதி பின்னால ஒட்டிட்டு, சாயங்காலம் வாங்கக்கா."

முன்பெல்லாம் எழுதிக் கொடுத்தவள்தான் நான். அன்று அலமாரியைப் பார்த்தேன். முதுகில் பாஸ்வர்டோடு வரிசையாக ஃபோன்கள், யாரும் திறக்கலாம். என்னுடையதில் மகளின் படங்கள், தோழி அழுது அனுப்பிய குரல்பதிவு, எவருக்கும் காட்டாமல் நான் எழுதிய வரிகள்.

"தரமாட்டேன். இங்கேயே உக்காந்திருக்கேன், திறக்கணும்னா நானே திறக்கிறேன்."

"எல்லாரும் குடுக்கிறாங்க லா. உங்க ஃபோன்ல மட்டும் அப்படி என்ன இருக்கு?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். முகம் சுட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என் வீடே இருக்கு, தம்பி."

சிரித்தவர்களில் ஒருத்தி தன் ஃபோனில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு என் பக்கத்தில் அமர்ந்தாள்.

"நானும் இங்கேயே இருக்கேன், பாஸ்," என்றாள் கடைக்காரரிடம்.

மறைக்க ஒன்றுமில்லாதவருக்குப் பயமெதற்கு என்பார்கள். எனக்கு மறைக்க நிறைய இருக்கிறது. இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேனே.