ஆம்பளைக்கும் வரும்

என் தம்பி வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போட்டவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் என்னோடுதான் இருந்தான். சிலிண்டரை இடது தோளில் சாய்த்து, மார்போடு அணைத்துக்கொண்டு, லிஃப்ட் இல்லாத மாடிகளில் ஏறுவான். கைக்குழந்தையைப் படுக்கவைப்பது போல இறக்கி வைப்பான். அவன் போன வீடுகளில் ஒரு டைல்ஸ் உடைந்ததில்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

இடது மார்புக் காம்புக்குக் கீழே கடலை அளவில் ஒரு கட்டி வந்தபோது, சிலிண்டர் அழுத்திக் காய்த்துப்போயிருக்கிறது என்று நினைத்தான். வலி இல்லை. குடோனில், "என்னடா, பால் கட்டிக்கிச்சா?" என்று கிண்டல் பண்ணினார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது. துவைக்கப் போட்ட பனியனில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றச் சொன்னேன். காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

அங்கே காத்திருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். பக்கத்தில் இருந்த அம்மா, "அக்காவுக்கா தம்பி?" என்று அவனைக் கேட்டார்.

"எனக்குத்தாங்க. ஆம்பளைக்கும் வருமாம். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

மார்பை எடுத்தார்கள். அதன்பிறகு இடது கையைத் தூக்க முடியவில்லை. ஏஜென்சியில், வீடு வீடாகப் போய் அடுப்பும் டியூபும் சோதிக்கிற வேலை கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்காரம்மாவிடம் சொல்வான்: "கோவிச்சுக்காதீங்க அக்கா. எனக்கு மார்புல புற்றுநோய். வலிக்கலன்னு சும்மா விட்டுட்டேன். கட்டி தெரிஞ்சா நீங்க விட்டுடாதீங்க." நம்பாதவர்களுக்கு இரண்டு பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டுவான்.

ஒரு தையல்காரர் ஏஜென்சிக்கே வந்து கத்தினார். "என் பொண்டாட்டி முன்னால சட்டையக் கழட்டுறான்யா!"

முதலாளி அவனைக் கூப்பிட்டு, "இன்னொரு புகார் வந்தா வேலை போயிடும்பா" என்றார். அதன்பிறகு பொத்தானைக் கழற்றவில்லை. பேச்சை மட்டும் விடவில்லை.

நோய் முதுகெலும்புக்குப் பரவியது. படுக்கையில் விழுந்தான்.

"அக்கா, நான் சொல்லி ஒருத்தராவது போய்ப் பார்த்திருப்பாங்களா?"

"போயிருப்பாங்கடா."

"சமாதானம் சொல்லாத. போனாங்களான்னு கேக்கறேன்."



ஒரு மத்தியானம் அந்தத் தையல்காரரின் மனைவி வந்து வாசலில் தயங்கி நின்றார். உள்ளே வந்ததும் அழுதுவிட்டார். "நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணு இருக்கு, தம்பி. வீட்ல சொல்லல."

"எங்க அக்காவைக் கூட்டிட்டுப் போங்க. எந்த ரூம்னு அவளுக்கு அத்துப்படி. ஆனா வீட்ல சொல்லிடுங்க. இது மறைச்சு வைத்தியம் பண்ற சமாச்சாரமில்ல."

கூடவே போனேன். எல்லாச் சோதனைக்கும் போனேன். முடிவு வந்த அன்று வீட்டுக்கு ஓடி வந்து அவன் காதருகில் குனிந்தேன்.

"அதேதாண்டா. ஆனா சின்னதா இருக்கறப்பவே வந்துட்டாங்களாம். குணப்படுத்திடலாம்னு டாக்டர் சொல்றாரு."

கண்ணை மூடி நிதானமாக மூச்சு விட்டான். பிறகு, "அந்தத் தையல்காரரு?" என்றான்.

"கூடத்தான் வந்தாரு. அத்தனை பொம்பளைங்க நடுவுல உக்காரக் கூச்சப்பட்டு, சுவரோரமா நின்னுக்கிட்டே இருந்தாரு."

தம்பியின் உதடு கோணிச் சிரித்தது. "முதல் நாள் அப்படித்தான் இருக்கும். அடுத்த தடவை உக்காரச் சொல்லு."

அடுத்த தடவை என்னால் போக முடியவில்லை. அதற்குள் தம்பி போய்விட்டான்.