இரட்டைப் பதிவில் போன வலது கண்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிளை வைத்திருக்கும் ஒரு கண் மருத்துவமனைக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவன் நான். இரண்டு கிளைகளின் நோயாளிப் பதிவுகளையும் ஒரே டேட்டாபேஸில் சேர்த்தபோது பலர் இரண்டு முறை வந்து நின்றார்கள். இங்கே கண்ணாடிக்கு ஒரு தடவை, அங்கே சொட்டு மருந்துக்கு ஒரு தடவை பெயர் கொடுத்தவர்கள். இனிஷியல், பெயர், ஊர், போன் நம்பர், பிறந்த தேதி எல்லாம் ஒத்துப்போனால் ஒரே ஆள். முதல் பதிவை வைத்துக்கொண்டு மற்றதை அழி என்று கட்டளை எழுதி ஓட்டினேன். அந்தத் திறமைக்கு நானே எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ராஜபாளையம் ஆபரேஷன் அறையிலிருந்து சிஸ்டர் கூப்பிட்டார்.

“சார், வத்திராயிருப்புல இருந்து ஒரு விவசாயி ஐயா வந்திருக்காவ. வலது கண்ணுல புரைன்னு சொல்லுதாவ. சிஸ்டத்துல இடது கண்ணுன்னு இருக்கு, லென்ஸ் அளவும் இடதுக்குத்தான் இருக்கு. டாக்டர் நிறுத்தி வச்சிட்டாவ.”

அளவெடுக்கும் மெஷின் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. இன்று திருப்பி அனுப்பினால், நெல் அறுப்பு முடிந்துதான் வருவார். அதுவரை அந்தக் கண் மூட்டமாகவே கிடக்கும்.

பதற்றத்தில் நான் செய்த முதல் காரியம், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பட்டனை அமுக்கி ‘ஆன்’ செய்தது. அது அணைந்துபோனது. பிறகுதான் ஆளைப் பார்க்கப் போனேன்.

“அண்ணாச்சி, உங்க பேருல வேற யாரும் இருக்காவளா?”

“இருக்கானே, எங்க பெரியப்பா மகன். ரெண்டு பேருக்கும் தாத்தா பேருதான். அப்பாமாருக்கும் மொத எழுத்து ஒண்ணுதான்.”

“பிறந்த தேதியுமா ஒண்ணு?”

“அவன் மூத்தவன். ஒரே நாள்ல பள்ளிக்கூடத்துல கொண்டுபோயி விட்டாவ. வாத்தியாரு ரெண்டு பேருக்கும் ஒரே தேதியப் போட்டுட்டாரு. வீட்டுல போனும் ஒண்ணுதான், மருமக கையில. போன மாசம் இடது கண்ணுக்கு வந்தது அவன்லா!” இரண்டு பேரையும் ஒரே ஆளென்று நினைத்து ஒரு பதிவை அழித்ததை நான் சொன்னதும் கேட்டார்: “அப்ப என்னைய அழிச்சிப்புட்டீகளா?”

“பொறுங்க அண்ணாச்சி, எழுப்பிருதேன்.”

“எழுப்புங்க. அதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சிக்கிடலாமா?”

அழிப்பதற்கு முன் பேக்கப் எடுத்தேனா என்று நினைவில்லை. தேடிப் பார்த்தால், எடுத்திருந்தேன். என் மேல் எனக்குள்ள அவநம்பிக்கை அன்றைக்குச் சோறு போட்டது. அதிலிருந்து வலது கண்ணின் அளவோடு அவருடைய பதிவை மீட்டுக் கொடுத்தேன். டாக்டர் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு உள்ளே அழைத்துப் போனார்.

அன்று மாலை, அழித்தவர்கள் அத்தனை பேரையும் திரும்பக் கொண்டுவந்தேன். இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை எண். அதே எண் இரண்டாம் முறை வந்தால் டேட்டாபேஸே உள்ளே விடாது. மற்ற விவரங்கள் எவ்வளவு ஒத்திருந்தாலும் எதையும் அழிக்காது. முன்பே வந்தவரா, வேறு ஆளா என்று எதிரில் நிற்பவரிடமே கேட்கச் சொல்லும். கேட்டுவிட்டுத்தான் சேர்க்கிறோம்.

மறுநாள் அவருக்குக் கட்டுப் பிரித்தார்கள். அந்தப் பக்கம் எனக்கு வேலை எதுவும் இல்லை. இருந்தும் போய் நின்றேன்.

“இம்புட்டு நாளா இந்தக் கண்ணுக்கு எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சிச்சு தம்பி. இப்ப நீங்க ஒரே ஆளாத் தெரியுதீக.”

“நல்லாப் பாருங்க அண்ணாச்சி, ஒருத்தன்தானா?”

“ஒருத்தரே போதும்” என்றார்.