தேசம்மா கழனியில் முளைத்த சதுரம்

வேளாண்மை அலுவலகத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி, உரம் எப்போது வரும் என்று கேட்பவை. மீதி, வராத உரத்துக்காக என்னைத் திட்டுபவை. புத்தூர் பக்கத்திலிருந்து தேசம்மா பேசியது இரண்டிலும் சேராது.

“சார், எங்க கழனியில சதுரமா ஒண்ணு மொளைச்சிக்கினு கீது. ஆளுங்க பயந்துக்கினு உள்ள எறங்க மாட்டேன்றாங்க. மழைக்குள்ள வேர்க்கடலை வெதைக்கணும். அத வெச்சித்தான் வீடே ஓடுது.”

போனேன். தரிசு நிலத்தின் நடுவே சாம்பல் நிறச் செடிகள். நூல் பிடித்தாற்போல் நான்கு ஓரங்கள், வெளியே ஒரு செடி இல்லை. காற்றடித்ததும் இலைகள் புரண்டு சதுரம் முழுதும் ஒரே நேரத்தில் வெளுத்தது. பேய்க்கதைகள் நிறையப் படித்தவன் நான். அது அந்த நேரத்தில் உதவவில்லை. ஊதாப் பூ, தண்டில் முள், மஞ்சள் காய் எல்லாம் பார்த்தபின்தான் மூச்சு வந்தது. சில்வர் லீஃப் நைட்ஷேட். கத்தரிக்குச் சொந்தம், வருஷக்கணக்கில் சாகாத களை.

“போன வருஷம் இங்கே ஆட்டுப்பட்டி போட்டீங்களாம்மா?”

“ஆமா சார், எருவுக்காக. மந்தைக்காரங்க வலை கட்டி அடைச்சாங்க. அப்புறம் போர் வத்திப்போச்சி, கழனிய அப்பிடியே உட்டுட்டோம்.”

வேறெங்கோ காயைத் தின்ற ஆடுகள் புழுக்கையில் விதையை இறக்கியிருக்கின்றன. சதுரம், வலை நின்ற இடம்; பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினேன்.

தேசம்மாவின் தம்பி முனுசாமி கடப்பாரையால் ஒரு செடியைத் தோண்டினார். இடுப்பாழம் போயும் வேர் முடியவில்லை.

“கீழ இன்னா சார் கீது?”

“வேர்தான்பா.”

“வேருன்னா முடியணுமில்ல?”

உழக் கூடாது, அறுபடும் துண்டெல்லாம் தனிச்செடியாகும். காய்க்கும் முன் அறுத்து, துளிர்த்ததும் மருந்தடிக்க வேண்டும் என்றேன். முனுசாமி குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மழைக்குப் பின் மறுபடி போனேன். சதுரத்தைக் காணோம். வரப்பிலிருந்து வரப்பு வரை கழனி முழுதும் சாம்பல்.

“பூசாரி சொன்னாரு சார், கோடு அழிஞ்சா அது போயிடும்னு. என் டிராக்டர்ல ரோட்டவேட்டர் மாட்டி நாலு பக்கமும் ஓட்டிட்டேன்” என்றார் முனுசாமி.

“நல்லா அழிச்ச” என்றார் தேசம்மா. “வேர்க்கடலைய எங்கடா வெதைக்கிறது, ஒன் தலையிலயா?”

டிராக்டர் அருகில் நின்றது. ரோட்டவேட்டர் கத்திகளின் இடுக்கில் மண்ணோடு வேர்த்துண்டுகள். ஒன்று, இரும்பில் இருந்தபடியே துளிர்விட்டிருந்தது.

“இதைக் கழுவலியா?”

“எதுக்கு சார், மறுபடி சேறாவத்தானே போவுது.”

“இங்கேருந்து வண்டி எங்கே போச்சு?”

முனுசாமி விரல் மடக்கினார். “வடமாலபேட்டையில ரெண்டு கழனி. மச்சான் தோட்டம். அப்புறம்...” விரல் பாதியில் நின்றது.

“ஒன் கழனிதான்டா” என்றார் தேசம்மா, மெதுவாக.

அந்த முறை அக்கா, தம்பி இருவருமே வேர்க்கடலை விதைக்கவில்லை. நான் கற்றது இதுதான்: பயந்த மனிதரிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கிவிட்டுக் கிளம்பினால் போதாது. அவரிடம் டிராக்டர் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.