தம்பியின் ரத்தம்

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் அண்ணனின் தொடையை வெட்டிய தம்பிதான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டும் வந்தான். எழுபதுகளில், இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை என் வேலை. மழையில் மண் சரிந்து பதுளை ரோடு அடைத்துக் கிடந்தது; பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழியில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயடியில் யார் வாளியை முதலில் வைப்பது என்ற சண்டையாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ரத்தம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க ஏற்றும் டெக்ஸ்ட்ரான் போத்தலை அவசரத்தில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் பரிசோதனைக்கு அவன் ரத்தத்தை எடுத்தேன். தம்பிக்கும் அதே குரூப். தம்பியின் செல்களை அண்ணனின் சீரத்தில் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கும்பல் கும்பலாக ஒட்டிக் கிடந்தன.

"பொருந்தாது. ஒன் ரத்தத்த ஏத்துனா செத்துருவான். வெட்டுனதே போதும், போ" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

அவன் என் சட்டையைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். "ஒரே வயித்துல பொறந்தவங்கய்யா. எப்படிப் பொருந்தாம போகும்?"

சத்தம் கேட்டு அண்ணனின் மச்சான்மார் மூவர் உள்ளே புகுந்து, தலைமுடியைப் பிடித்து அவனை முற்றத்துக்கு இழுத்துப் போனார்கள்.

உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தேன். செல்கள் ஒட்டியிருந்ததில் ஓர் ஒழுங்கு இருந்தது, பாக்கெட்டில் அடுக்கிய பிஸ்கட் மாதிரி. சிவப்பணுவின் மெல்லிய தோல் முழுக்க எதிர்மின்னேற்றம். எல்லாவற்றுக்கும் ஒரே மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். டெக்ஸ்ட்ரான் இடையில் புகுந்தால் அந்தத் தள்ளலையும் மீறி ஒட்டவைத்துவிடும். பார்வைக்குப் பொருந்தாத ரத்தம் போலவே இருக்கும். அதனால்தான் அதை ஏற்றுமுன் ரத்தம் எடுக்க வேண்டும். மடையன், மறந்துவிட்டேன். சீரத்தை நீக்கிவிட்டு உப்புநீர் விட்டேன். உண்மையிலேயே பொருந்தாத ரத்தம் என்றால் அப்போதும் ஒட்டியே கிடக்கும். இவை ஒவ்வொன்றாகப் பிரிந்து விலகின.

முற்றத்துக்கு ஓடினேன். சேற்றில் கிடந்தவனை விறகுக்குப் போட்டிருந்த மிலாறுக் கட்டையால் தலையிலும் முதுகிலும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவன் முழங்கையின் மேல் ஏறி நின்றான்.

"கைய விடுங்க. அதுலதான் ரத்தம் எடுக்கணும்" என்று கத்தினேன்.

கையை மட்டும் விட்டார்கள்.

அன்று அந்தக் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் அண்ணன் பிழைத்தான். தம்பிக்கு அதற்குப் பிறகு இடது காது கேட்கவில்லை. அடிக்காதீர்கள் என்று நான் சொல்லவேயில்லை.