நாக்கு நோன்பிருந்த மாசம்

கரண்டியிலிருந்து ஒரு சொட்டு இஞ்சிப்பாகை இடது புறங்கையில் விட்டு நக்கினார் ஹிதாயத் பாய். கண்ணை மூடினார். மூன்று எண்ணும் நேரம் கழித்துத் தலை இரண்டு பக்கமும் ஆடியது. "பத்தல. இன்னும் கொஞ்சம்." பிழிந்து வைத்த இஞ்சிச்சாற்றில் அரைக் கரண்டி அண்டாவுக்குள் போனது. மறுபடி ஒரு சொட்டு, மறுபடி கண்மூடல், மறுபடி அரைக் கரண்டி. வாரத்தில் மூன்று காலை இதே கதைதான்.

மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டினால் ஒரு தகரக் கொட்டகை; அதுதான் பாயின் சோடா கம்பெனி. சாதா சோடா, பன்னீர், ஆரஞ்சுக் கலர் எல்லாம் எவன் வேண்டுமானாலும் போடுவான். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கோலிப் பாட்டிலில் அடைத்த ஜிஞ்சர் பீர். பீர் என்று பேர்தானே ஒழிய, போதைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மதுவிலக்கு இருந்த நாளில் புதிதாக வந்த ஒரு கான்ஸ்டபிள் பலகையைப் படித்துவிட்டு விறைப்பாக உள்ளே நுழைந்தார். மூன்று பாட்டில் குடித்தார், ஏப்பம் விட்டார், வந்த வழியே போய்விட்டார்.

ஐம்பத்தொன்பது வயது மனிதர். சட்டைப்பையில் கற்கண்டு இருக்கும். பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துத் தூசி பார்க்காமல் அடைக்க மாட்டார். ஒரே ஒரு சண்டை, வீட்டில் டீ விஷயத்தில். சர்க்கரையே போடவில்லை என்பார். அவர் பெண்டாட்டி ஷம்சாத் இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுப்பாள். ஒரு வாய் குடித்துவிட்டு, ரேஷன் சர்க்கரையில் இனிப்பே இல்லை என்று சர்க்காரைத் திட்டுவார்.

எழுபத்தொன்றில் மதுவிலக்கு எடுபட்டு ஊரெல்லாம் கடை திறந்ததும் பாய்க்குத் தூக்கம் குறைந்தது. நிஜ பீரே வந்துவிட்டால் இஞ்சி பீரை எவன் சீந்துவான்? அந்தக் கவலைக்கு மருந்து போட்டவர் சத்தியநாதன். பட்டாளத்திலிருந்து வந்தவர், எழுபது வயது, தினமும் சாயங்காலம் கம்பெனி பெஞ்சில் ஆஜர்.

"கேளு பாய். இருபது வயசுல கேம்ப்புல மொத மொத பீர் குடிச்சேன். வேப்பெண்ண மாதிரி கசப்பு, துப்பிட்டேன். முப்பதுல அதே பீரு தேவாமிர்தம். போன வாரம் ஆசையா ஒண்ணு வாங்கிக் குடிச்சா, பச்சத்தண்ணி. சுருக்குனு ஏறுறது இப்ப உன்னுது ஒண்ணுதான்."

பாயின் தோள் ஒரு விரற்கடை உயர்ந்தது. பெஞ்சில் வந்து உட்காருகிற மற்றக் கிழவர்களும் ஆமாம் போட்டார்கள். அந்த ஆமாமை அவர் அப்படியே முழுங்கினார். அங்கேதான் வந்தது வினை.

பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஜிஞ்சர் பீர் கேட்பதை நிறுத்தின. ஆரஞ்சுக் கலர் கொடு என்றன. வாங்கின ஒன்றிரண்டும் பாதியில் வைத்துவிட்டு ஓடின. பாய் அந்தப் பாதி பாட்டிலை வெயிலில் பிடித்துத் தூசி தேடுவார். காஸ் சிலிண்டர்காரன் ஏமாற்றுகிறான் என்றார். கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று அடுத்த தெருக் கிணற்றிலிருந்து சுமக்க வைத்தார். ஷம்சாத், ஒரு தடவை வேறு யாரிடமாவது கொடுத்து ருசி பார்க்கலாமே என்றாள். முப்பது வருஷமாகப் பார்க்கிற நாக்கு இது என்று அதோடு பேச்சை முடித்துவிட்டார்.

எழுபத்திரண்டு அக்டோபரில் நோன்பு தொடங்கியது. நோன்பில் பாய் கறார். ருசி பார்த்துத் துப்பிவிடலாம், தப்பில்லை என்று பள்ளிவாசலில் சொன்னாலும் கேட்க மாட்டார். பாகு நாக்குப் பக்கம் போகாது. ஒரு அண்டாவுக்கு அரை வீசை இஞ்சி என்று தொழில் ஆரம்பித்த நாளில் வைத்த அளவு உண்டு. அதைப் போட்டு வடிகட்டி அப்படியே அடைத்துவிடுவார். அந்த மாசம் பிள்ளைகள் திரும்பி வந்தன. கிணறு மாற்றினேன் பார்த்தாயா என்று பாய் மார்தட்டினார். சத்தியநாதன் மட்டும் சப்பென்று இருக்கிறது என்றார். நோன்புக் களைப்பில் கை சோர்ந்திருக்கும் என்று பாய் மழுப்பினார்.

பெருநாள் முடிந்தது. நவம்பர் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முந்தின, கல்யாணம் வைக்காத அட்வெந்து நாட்கள் தொடங்குமுன், பக்கத்துப் பள்ளிக்கூடத்து ரத்தினபாய் டீச்சர் மகளுக்குக் கல்யாணம். வேலூர் மாப்பிள்ளை. டீச்சர் பந்தலில் மது நுழையாது. மணமக்களை வாழ்த்தி எல்லாரும் சேர்ந்து குடிப்பது ஜிஞ்சர் பீர்தான். இருநூறு பாட்டில் வேண்டும் என்றார். அதோடு ஒன்று சொன்னார்.

"மாப்பிள்ளை வீட்டில பெரிய கம்பெனி கலர் வைக்கச் சொல்றாங்க பாய். நான்தான் பிடிவாதமா உங்க பேரைச் சொல்லியிருக்கேன். என் மானத்தைக் காப்பாத்துங்க."

தாம்பரத்துச் சர்ச் கல்யாணம் ஒன்று கைவிட்டுப் போனால் அத்தனையும் போய்விடும். பாய் அண்டா முன்னால் நின்று ஒன்பது தடவை ருசி பார்த்தார். ஒன்பது தடவையும் பத்தவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் இருநூறும் அடைத்தாகிவிட்டது. வியாழக்கிழமை கல்யாணம்.

புதன் காலையில் பள்ளிக்கூடம் போகிற சிறுமி ஒருத்தி, மீந்த பாகில் அடைத்த பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "நாக்கு எரியுது பாய்," என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.  பழைய கிணற்றுத் தண்ணீரைப் பாய் விட்டு மாசக்கணக்காயிற்று. இஞ்சியும் ஒரே கடை இஞ்சி. இனி யாரைத் திட்டுவது?

டீ கொண்டுவந்த ஷம்சாத் டம்ளரை வைத்துவிட்டு நின்றாள்.

"நோன்பு மாசம் பூரா ஒரு புள்ள மூஞ்சி சுளிக்கலங்க. பெருநாள் முடிஞ்சி நீங்க நாக்க நீட்டுனீங்க, மறுபடி ஆரம்பிச்சிடுச்சி. டீயில நாலு கரண்டி போட்டிருக்கேன். குடிச்சிட்டுச் சொல்லுங்க, இனிக்குதான்னு."

பாய் குடித்தார்.  நாலு கரண்டி சர்க்கரை நாக்கில் எங்கேயோ தூரத்தில் போவது போல இருந்தது. சத்தியநாதனுடைய பச்சத்தண்ணி பீர் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மனுஷனுக்குப் பொய் சொல்ல மனசு வராது. ஆனால் வயசான நாக்கு வெட்கமில்லாமல் சொல்லும்.

எழுந்து போய் முதல் பாட்டிலை எடுத்தார். கட்டைவிரலால் கோலியை அழுத்தினார். புஸ்ஸென்று பொங்கியதைச் சாக்கடையில் கவிழ்த்தார். ஷம்சாத்தும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருநூறும் காலியாகி, கழுவி, பழைய அளவில் பாகு காய்ச்சி, மறுபடி அடைத்து முடிக்க அஸ்தமனம் ஆனது. பாகு ஆறும்போது அவர் கை இரண்டு தடவை கரண்டிப் பக்கம் போனது. இரண்டு தடவையும் திரும்பியது. தானே ருசி பார்க்காத சரக்கை இன்னொருவர் கல்யாணத்துக்கு அனுப்புவது, கண்ணைக் கட்டிக்கொண்டு தண்டவாளம் தாண்டுகிற மாதிரி இருந்தது அவருக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் சர்ச் வளாகத்துப் பந்தலில், தூண் ஓரமாக நின்றார். சாப்பாட்டு வாசனை கூட ஏறவில்லை. சர்ச் உபதேசியார் வாழ்த்துச் சொல்ல, இருநூறு கோலியும் சடசடவென்று உள்ளே விழுந்தன. சத்தியநாதன் ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னா பாய், சப்புனு கீது?" என்று அங்கிருந்தே கேட்டார். பாய் தூணைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை ஒன்று பாட்டிலைத் தலைகீழாக உறிஞ்சிவிட்டு, அம்மா முந்தானையை இழுத்து இன்னொன்று கேட்டது. அதன் அண்ணனும் கேட்டான். மாப்பிள்ளையின் அப்பா தன் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது எந்த ஊர்ச் சரக்கு என்று விசாரித்தார்.

ரத்தினபாய் டீச்சர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, திறந்த பாட்டில் ஒன்றைப் பாய் கையில் திணித்தார்.

"நின்னுட்டே இருக்கீங்களே, நீங்களும் குடிங்க பாய். எப்படி இருக்குன்னு நீங்க சொல்லணும்."

சுற்றி நின்ற நாலு பேர் திரும்பினார்கள். ஹிதாயத் பாய் பாட்டிலை வாயில் வைத்து மடமடவென்று பாதி குடித்தார். கிணற்றுத் தண்ணீர் தொண்டையில் இறங்கிய மாதிரிதான் இருந்தது. பாட்டிலை இறக்கி, கண்ணை இறுக்கி மூடி, காரம் தாங்காதவர்போல "உஸ்ஸ்" என்று மூச்சை உள்ளே இழுத்தார்.