மாதாவுக்குக் கொடுக்காத முடி

கடலூர் முதுநகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் புதிதாக வந்த பேப்பர் பண்டல்களை மார்போடு அணைத்துத் தூக்கியபோது, இடது பக்கம் ஏதோ உறுத்தியது. தொட்டுப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். இயேசு பட்ட பாட்டுக்கு முன்னால் இது எம்மாத்திரம் என்று, அதையும் ஒரு தவமுயற்சியாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஈஸ்டர் முடிந்தும் டாக்டரிடம் போகவில்லை. என் நிலையில் இருக்கும் பெண்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: கட்டியை யாருக்கும் ஒப்புக்கொடுக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜூலையில் சிதம்பரத்து மருத்துவமனை ஒன்றில் பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். மார்பகப் புற்றுநோய். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

“கட்டி பெரிசா இருக்கு. முதல்ல கீமோ குடுத்துச் சுருக்கிடலாம். அப்புறம் ஆபரேஷன். அடுத்த வாரமே ஆரம்பிக்கணும்.”

கீமோ (புற்றுநோய் மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது) ஆரம்பித்தால் மூன்று வாரத்தில் முடி கொட்டிவிடும் என்பதையும் சொன்னார். கூட வந்திருந்த என் கணவர் அந்தோணி, “செப்டம்பர்ல ஆரம்பிச்சா ஆவாதா மேடம்?” என்றார்.

“ஏன், வீட்ல எதாவது விசேஷமா?”

அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் அவர் வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறார். என்னைக் காப்பாற்றினால், திருவிழாக் கொடியேற்றத்துக்கு நடத்தியே கூட்டிப் போய், இடுப்புவரை தொங்கும் என் முடியைக் காணிக்கை கொடுப்பதாக. அவர் தலையில் நேர்ந்துகொள்ள ஒன்றுமில்லை, முப்பது வயதிலேயே எல்லாம் போய்விட்டது. அதனால் என் தலையில் கைவைத்துவிட்டார்.

“இப்பவே போய்க் குடுத்துட்டு வந்துடுங்களேன்” என்றார் டாக்டர்.

“கொடியேத்தத்துக்குன்னு வாய் வுட்டுட்டேன் மேடம். வாக்கு மாறக் கூடாது.”

“முடி போனா திரும்ப வளரும் சார். அதுக்குள்ள கட்டியும் வளரும். நீங்க எதுக்கு டைம் குடுக்கப் போறீங்க?”

ஊருக்குத் திரும்பும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் அவர்தான் ஆரம்பித்தார். “ஆறு வாரந்தான் ஸ்டெல்லா. குடுக்கறேன்னு சொன்னதக் குடுக்கலன்னா இன்னா ஆவுமோன்னு பயமா இருக்குது.”

அவர் என் அத்தை மகன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். “உன் தலையில ஒண்ணுமில்லன்னு என் தலைய எழுதிக் குடுத்தியா மாமா? என்னைய ஒரு வார்த்த கேட்டியா?” என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

முதல் கீமோவுக்குத் தனியாகவே போனேன். ஜெபமாலையை எடுத்தேன், ஐந்து மறைபொருள்களில் (ஜெபமாலையின் பகுதிகள்) இரண்டாவதைத் தாண்ட முடியவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. மாலையைப் பையில் போட்டுவிட்டு, “ஆண்டவரே, உமக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. கொடுக்கிறேன் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் உம்மை விட்டுப் போகவும் மாட்டேன்” என்றேன். நாற்பத்தாறு வருடத்தில் பேரம் பேசாமல் நான் செய்த முதல் ஜெபம் அது.

ஜெபக்கூட்டத்து அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். “ஆண்டவர் ரொம்ப நேசிக்கிறவங்களத்தான் இப்டி சோதிப்பார்” என்றார். “அந்த நேசம் உங்க வூட்டுக்கும் வரட்டும்க்கா” என்றேன். டீயைக் குடிக்காமலே எழுந்துபோனார். அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை நான் வருந்தவில்லை.

சொன்னபடியே மூன்றாவது வாரம் முடி கொத்துக் கொத்தாக வந்தது. இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள் காய்ச்சல் தூக்கியடித்தது. வெள்ளை அணுக்கள் (கிருமியோடு சண்டை போடும் ரத்த அணுக்கள்) தரைமட்டமாகிவிட்டன என்று சேர்த்துக்கொண்டார்கள். வேளாங்கண்ணியில் அன்றைக்குத்தான் கொடியேற்றம். இது மாதாவின் கோபம்தான் என்று நம்ப என் கணவருக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“மாதாகிட்ட மன்னிப்பு கேளு ஸ்டெல்லா. உன் கால்ல வுழறேன்.”

எனக்குப் பயமாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிடம், அவர் சொல்வது உண்மையாக இருக்குமோ என்று நானும் நடுங்கினேன். ஆனால் அப்படி ஒரு மாதாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“கேக்க மாட்டேன் மாமா. அவங்க சிலுவை அடியில நின்னு, புள்ள சாவறதக் கண்ணால பாத்தவங்க. ஒரு புடி முடிக்காக இன்னொருத்தி உசுர எடுப்பாங்களா? நீ கும்புடுறது யார?”

அவர் வெகுநேரம் என் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஊசிகள் வேலை செய்தன. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாவது கீமோவிலிருந்து அவரே கூட வந்தார்.

பிறகு ஆபரேஷன், கதிர்வீச்சு. இடது மார்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு தழும்பு. முன்பெல்லாம் திருவிழாவுக்குத் திருவிழா வருடத்தை எண்ணுவேன். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. கையிலிருக்கிற மூன்று மாதத்தை முழுசாக வாழ்ந்துவிடுகிறேன். அடுத்ததைப் பற்றி எனக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, அது இல்லாமலும் விசுவசிக்க முடிகிறது.

மறுவருடத் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போனோம். நடந்து இல்லை, பஸ்ஸில். முடி நாலு விரற்கடை வளர்ந்து, முன்பில்லாத சுருளோடு இருந்தது. மொட்டை போடும் இடத்தைக் கடக்கையில் அவர் நடை தயங்கியது.

“இத மட்டும் கேக்காத மாமா” என்றேன்.

“கேக்கல” என்றார்.

கோயிலுக்குள் மாதாவின் எதிரே நின்று முக்காட்டை விலக்கினேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினேன்.

“பாத்தீங்களாம்மா,” என்றேன், “எவ்ளோ வளந்துருக்குது!”